பங்கேற்பாளர் மூன்று

என் தம்பி க்ளைவ் இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான கிரிம்ஸ்பியில் பஸ் ஓட்டினான். மீன் துறைமுக வழித்தடம் கொடுத்தால் மட்டும் யார் காலையாவது பிடித்து மாற்றிக்கொள்வான். எங்கள் அண்ணன் நெவிலைக் கப்பலோடு கடல் கொண்டுபோனது ஒரு ஜனவரியில். அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நான் துறைமுகத்தில் மலர்வளையம் வைக்கப் போவேன். க்ளைவ் வரமாட்டான். கல்நெஞ்சக்காரன் என்று அவன் வாசலில் நின்று திட்டிவிட்டுத்தான் போவேன். அவன் எனக்கும் சேர்த்து டீக்குத் தண்ணீர் வைப்பான்.

அவன் மகள் ஷெல்பி பள்ளியின் கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி எடுத்தாள். மீனவக் குடும்பங்கள் இன்னும் எதற்கெல்லாம் பயப்படுகின்றன என்பது கேள்வி. என்னிடமும் வந்தாள். கப்பல் புறப்படும் நாளில் துணி துவைக்க மாட்டோம், போகிறவனுக்குக் கையசைக்க மாட்டோம், அசைத்தால் அலை வந்து அள்ளிக்கொள்ளும் என்றெல்லாம் அளந்துவிட்டேன். அப்புறம் அப்பாவிடம் போனாள். வாயே திறக்காதவன் அவளிடம் ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறான், படிப்புக்காக என்றதால்.

என்னடி சொன்னான் என்று துளைத்தெடுத்தேன்.

"யார் சொன்னதையும் வெளிய விடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் அத்தை. என்னைக் கேக்காதீங்க."

பெரிய நீதிபதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டுரைக்கு முதல் தர மதிப்பெண். அடுத்த வசந்தத்தில் பஸ் டிப்போவில் க்ளைவின் இதயம் நின்றுபோனது. அடக்கம் முடிந்த அன்று ஷெல்பியே அந்தக் கட்டுரையை என் மடியில் வைத்தாள்.

‘பங்கேற்பாளர் மூன்று, சிறுவயதில், துறைமுக மதகின் மேலிருந்து, கப்பலில் புறப்பட்ட தன் சகோதரருக்குக் கையசைத்தார். சகோதரர் திரும்பவில்லை. தானே அவரைக் கொன்றதாக இன்றும் நம்புகிறார். பழைய நம்பிக்கைகளின் பிடிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.’

க்ளைவேதான். அட பைத்தியக்காரா, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? உன்னால் இல்லை என்று கட்டிப்பிடித்துச் சொல்லியிருப்பேனே.

"அவன் இதைச் சொன்னப்ப நீ என்னடி சொன்ன?"

ஷெல்பி தரையைப் பார்த்தாள். "கேள்வி கேக்கறவங்க சொந்தக் கருத்து சொல்லக் கூடாதுன்னு விதி அத்தை. அப்பா அழுதாரு. நான் நன்றின்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."