பானைக்குள் யானை

அச்சகத்தில் தாள் அடுக்கும் அக்கா வாயில்லாப்பூச்சி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், அச்சில் வீணான தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்று வயது மகளுக்குத் தினமும் ராகம் போட்டு வாசிப்பாள்.

அன்று ஒரு பாட்டுப் படப் புத்தகம், இரண்டாயிரம் பிரதி, தைக்கத் தயாராக இருந்தது. ஃபோர்மேன் கொடுத்த மாதிரியைப் பார்த்தே எல்லோரும் அடுக்கியிருந்தார்கள். கடைசிக் கட்டைத் தட்டிச் சரிசெய்தவளுக்குப் பகீரென்றது. பூனைக்கு அடுத்த பக்கத்தில் தவளை உட்கார்ந்திருந்தது!

ஃபோர்மேன் தையல் மெஷின் சுவிட்சில் கை வைத்தார்.

“நிறுத்துங்கண்ணே!”

“அடடே, நம்ம ஊமைக்குயில் கூவுதே! என்னம்மா?”

“பக்கம் மாறிப் போச்சுண்ணே.”

“எங்கே, வாசிச்சுக் காட்டு.”

காது மடல் சிவக்க, மகளுக்கு வாசிப்பதுபோலவே வாசித்தாள்.

“தொப்பி போட்ட பூனை
திறந்து பார்த்தது பானை
உள்ளே இருந்தது...”

மகள் கத்துவதற்காக நிறுத்தும் இடத்தில் இங்கேயும் நிறுத்தினாள்.

“எலி!” என்றார் தாள் வெட்டுபவர்.

“போய்யா, யானை!” என்று கத்திய ஃபோர்மேன், பக்கத்தைத் திருப்பித் தவளையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “அவ்வளவு பெரிய யானையைத் தொலைக்கப் பார்த்தேனே!”

சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மிச்சத்தையும் வாசிம்மா. அப்புறம் பிரிச்சு அடுக்கலாம்.”