கல்லின் வலது பாதி

என் கணவரின் கல்லறைக் கல்லில் வலது பாதி காலியாக இருக்கிறது. அது எனக்கானது. அவர் டெங்குவில் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. மாமா, அதாவது அவருடைய அப்பா, பக்கத்து இடத்தையும் சேர்த்து வாங்கி, இரண்டு பெயர் எழுதுகிற அளவுக்குக் கறுப்புக் கல் போட்டுவிட்டார். பாசத்தில் செய்ததுதான். செகந்திராபாத்தில் எங்கள் சர்ச்சுக் குடும்பங்கள் பலவற்றில் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து வந்தவள், அழுதுகொண்டிருந்தவள், தலையாட்டினேன்.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் எத்தனையோ கம்பெனி மாறினேன், ஜெர்மன் படித்தேன், பாதியில் விட்டேன், கார் ஓட்டப் பழகினேன். கொண்டாப்பூரில் தனி வீடு பார்த்தேன், போகவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, போகவில்லை. கிளம்பலாம் என்று நினைத்தால் போதும், அந்தப் பாதிக் கல் ஞாபகத்துக்கு வந்துவிடும். எங்கே ஓடினாலும் கடைசியில் இங்கேதான் என்று முடிவு செய்து வைத்துவிட்டார்களே! சிங்கப்பூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு ஒரு வாரம் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கணவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கட்டிலில் முக்கால் பங்கு அவருக்கு, சுவரோரம் எனக்கு. "கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்" என்றால், இந்த ஊரிலேயே வளர்ந்த வாய், கண்ணைத் திறக்காமலே "நக்கோ" என்று சொல்லும். வேண்டாம், முடியாது, மாட்டேன், எல்லாம் அந்த ஒரு சொல்தான். காலையில் அவரே டீ போடுவார். சர்க்கரை போட மறந்துவிட்டு, "உன் உடம்புக்குத்தான்டி" என்று நீட்டுவார்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் மாமா, அத்தை, நான் மூன்று பேரும் போனோம். நான் கல்லைச் சோப்புத் தண்ணீரால் கழுவினேன். காலிப் பாதியைத் துடைத்தால் அதில் பார்த்து முடியைச் சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. மாமாவுக்கு இந்த வருஷம் இதயம் சரியில்லை; பக்கத்துக் கல்லறை மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அத்தை சாமந்தி மாலையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

"இங்க இனிமே புது இடம் கிடையாதாம்மா. ஊருக்கு வெளிய எங்கயோதான் குடுக்குறாங்களாம்."

"ஆமா அத்தை, ஃபாதர் சொன்னாரே."

"இந்தப் பக்கத்த மாமாவுக்கு விட்டுக் குடுத்துரேன். நீ சின்னப் பொண்ணு. எங்கயாவது போ, கல்யாணம் பண்ணிக்கோ. நாங்கதான் உன்னை இங்கயே பிடிச்சு வச்சிட்டோம்."

'சரி அத்தை' என்றால் முடிந்தது. மீட்டிங்கில் கேள்வி முடியுமுன் கையைத் தூக்குகிறவள் நான். கழுவி முடித்த காலிப் பாதியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். அந்த இடத்தில் வேறொருவர், அவருடைய அப்பாவே ஆனாலும், படுப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இல்ல அத்தை. எனக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. என்னைப் பூட்டி வைத்தது மாமா என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! இப்போது அவர்களே கதவைத் திறந்துவிடுகிறார்கள், நான் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிறேன்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ இவரை எங்கம்மா வைக்கிறது?"

இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தோம். காற்றில் அணைந்து போகிற மெழுகுவர்த்தியோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்குள்ள எதுக்குச் சண்டை?" என்றார். பிறகு அத்தையிடம், "அவ கேக்குறா. விடு."

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். பின் சீட்டிலிருந்து மாமாவின் இழுப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சிக்னலில் நின்றபோது, அவர் முகம் தெரியாதபடி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.