பூனையும் இரண்டு மீன்காரர்களும்

ஹட்சுயே குருமதானி ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்தது பல்பு மாட்டத்தான். பேரங்காடிகளின் மொட்டைமாடியில் குழந்தைகள் காசு போட்டு ஏறி ஆடும் யானைப் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்த சின்னக் கம்பெனி அது. ஊரே திரையில் ராக்கெட் சுடும் ஆட்டங்களில் பைத்தியமானதும் யானையைச் சீண்ட ஆளில்லை; கம்பெனியும் திரை ஆட்டங்களுக்கு மாறியது. ஒரு நாள் பிரிவுத் தலைவர் நிஷிகாட்டா வந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பதவிப் பெயரால் 'கச்சோ' என்றே கூப்பிடுவார்கள்.

"உனக்குத்தான் கரண்டு வேலை தெரியும்ல? இனிமே நீதான் புரோகிராம் எழுதுற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டரும் கரண்டில்தானே ஓடுகிறது! அவர் கணக்கு அவ்வளவுதான்.

ஹட்சுயே அசரவில்லை. ஒரு கையில் அகராதி, மறு கையில் ஆங்கிலக் கையேடு என்று தட்டுத்தடுமாறிக் கற்றாள். மற்றவர்களின் ஆட்டங்களுக்கு வெடிச்சத்தம் எழுதிக் கொடுத்தாள். பிறகு தனக்கென்று ஓர் ஆட்டம் எழுதினாள். குரோமோன் சந்தையில் மீன்கடை வைத்திருந்தவர்களின் மகள் வேறு எதை எழுதுவாள்? சந்தைச் சந்துகளில் பூனை மீன் திருடும், மீன்காரர்கள் துரத்துவார்கள்.

"யாரையும் சுட வேண்டாமா?" என்றார் கச்சோ.

"பூனை எப்படி கச்சோ சுடும்?"

"அப்ப என்னதான் பண்ணும்?"

"திருடும். ஓடும்."

கச்சோ பெருமூச்சு விட்டார். "சரி, சனிக்கிழமை சென்பயாஷி கடைத்தெருல ஒரு காப்பிக் கடையில வச்சுப் பாப்போம். கூட்டம் சேரலைன்னா இதை அழிச்சிட்டு மாஜாங் கட்டை ஆட்டத்தை ஏத்திடுவேன். நீ பழையபடி யானைக்குப் பல்பு மாட்டப் போயிடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனுஷன். ஹட்சுயேவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

இப்படி வைத்துப் பார்க்கும் நாளில் ஆட்டத்தை எழுதியவர்கள் வாடிக்கையாளர்போல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. கண்ணாடிக்கு அடியில் திரை பதித்த ஆட்ட மேசைக்கு அடுத்த மேசையில் ஹட்சுயேவும் கச்சோவும் காப்பி மேல் காப்பியாகக் குடித்தார்கள். மதியம்வரை வந்தவர்கள் எல்லாம் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து போனார்கள். கச்சோ மாஜாங் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்போது வெள்ளைக் கையுறையோடு ஒரு டாக்சிக்காரர் வந்து உட்கார்ந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பூனை ஓடியது. ஒரு குறுகிய சந்தில் இரண்டு மீன்காரர்கள் எதிரெதிரே வந்தார்கள். குனிந்து வணங்கினார்கள். வழிவிட ஒதுங்கினார்கள், இருவரும் ஒரே பக்கம். மறுபடி வணக்கம், மறுபடி ஒதுங்கல். அதற்கு முடிவே இல்லை.

ஹட்சுயே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன கூத்து இது?" என்று கச்சோ காதோரம் சீறினார்.

"வழி விடுறாங்க கச்சோ."

"ரெண்டு பேருமா? எவனாவது ஒருத்தன் முதல்ல போகணும்னு நீ எழுதலையா?"

"முந்திக்கிட்டுப் போறது மரியாதையா இருக்காதே..."

உண்மையாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை. சந்தையில் அவள் பார்த்து வளர்ந்த மனிதர்கள் யாரும் முந்திக்கொண்டு போனதில்லை.

டாக்சிக்காரர் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "டேய், போய்த் தொலைங்கடா! எங்க வீட்டு வாசல்ல என் மாமியாரும் பக்கத்து வீட்டம்மாவும் இப்படித்தான் நிப்பாங்க!"

கடையே எட்டிப் பார்த்தது. வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த பையோடு ஒரு பெண்மணி அவர் தோளுக்குமேல் குனிந்து, "அந்தத் தொப்பைக்காரனையும் சந்துக்குள்ள இழுத்து விடுங்க! ஆங், குனிஞ்சிட்டான்! ஓடு பூனை, ஓடு!" என்று கத்தினார். மாலைக்குள் கண்ணாடி ஓரத்தில் நூறு யென் நாணயங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுத்த முறைக்கு இடம் பிடித்தவர்கள் வைத்தவை.

கச்சோ அவளைத் தெருவுக்குக் கூட்டி வந்தார். ஹட்சுயே தலை குனிந்து, "திங்கட்கிழமை அந்தத் தப்பைச் சரி பண்ணிடறேன்" என்றாள்.

"அதுல கை வச்சே, தொலைச்சுடுவேன்!" என்றார் கச்சோ. அவர் கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்து வந்ததாம்.

அவள் பிறகு பல்பு மாட்டவே இல்லை. ஓய்வு பெறும்வரை ஆட்டங்கள் எழுதினாள். எதிலும் அவள் பெயர் திரையில் வந்ததில்லை. பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்று முதலாளிக்குப் பயம்.

ஓய்வு பெற்ற வருஷம் ஒரு நாள் தென்னோஜி ரயில் நிலையத்தில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எதிரே வந்தார். இருவரும் குனிந்தார்கள். ஒரே பக்கம் ஒதுங்கினார்கள். மறுபடியும் அதே.

அவர் சிரித்துவிட்டார். "நாம அந்தப் பூனை ஆட்டத்து மீன்காரங்க மாதிரியே நிக்கிறோம்மா!"

ஹட்சுயேவுக்கு நெஞ்சு நிறைந்து போனது. ஆனாலும் காப்பிக் கடைப் பழக்கம் போகுமா? "அப்படி ஒரு ஆட்டமா? நல்லா இருக்குமோ?" என்றாள்.

"நல்லாவா! பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு ஆடியிருக்கேன்! சரி, நீங்க முதல்ல போங்க."

"சேச்சே, நீங்க போங்க."

"இல்லல்ல, நீங்க..."

இருவருமே ரயிலைத் தவறவிட்டார்கள்.