அக்கா ஊற்றிய தண்ணீர்

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. ரோஜா நிறத்தில் காய்ந்துபோன படலம். அதில் ஊசியால் குத்தியதுபோல் ஏழெட்டு வெளுத்த புள்ளிகள். 

விருதுநகரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு உதவியாளராக வந்தவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். அதற்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவர். நானோ உப்பளத்துச் சிவந்த நீரிலிருந்து ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். கடும் உப்பில்தான் அவை வாழும். நல்ல தண்ணீர் பட்டால் வெடித்துச் செத்துவிடும். அவற்றுக்குள் ஒரு வைரஸ் ஒளிந்திருப்பதாக நம்பி ஒரு வருடம் தேடியும் அது தலைகாட்டவில்லை.

ஒருநாள் மாலை, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், மிச்சமிருந்த கால் குடுவை நுண்ணுயிர் நீரை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் வந்து பார்த்தால் குடுவை நிறையத் தண்ணீர்.

"மிச்ச மருந்த மறுநாளைக்கு வைக்கக் கூடாதுல்ல மேடம். எங்க கம்பெனில பக்கத்து ரூமு வெடிச்சுப் போனது அப்படித்தான். அதான் ஓரத்தோட மெதுவா ஊத்தி வச்சேன்" என்றார் அக்கா.

"இது என்ன பட்டாசுக் கம்பெனியா? படிக்காதவங்கள உள்ள விட்டா இப்படித்தான்" என்று மாணவிகள் முன்னால் கத்தினேன். அவர் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் வரவில்லை. தீபாவளி சீசன், மறுபடி கம்பெனி வேனில் ஏறிவிட்டார் என்றார்கள்.

கொட்டுவதற்கு முன், ஏதோ ஒரு நப்பாசையில், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணுயிர் படர்ந்த இந்தத் தட்டில் விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் புள்ளிகள் தெரிந்தன. நான் தேடிய வைரஸ் நுண்ணுயிர்களைத் தின்ற இடங்கள் அவை. நல்ல தண்ணீர் பட்டு வெடித்தவற்றுக்குள்ளிருந்து அது வெளியே வந்திருக்கிறது. திரும்பச் செய்து பார்த்தேன். மடமடவென்று ஊற்றியபோதெல்லாம் வைரஸும் சேர்ந்து சிதைந்தது. குடுவையின் ஓரமாக, சத்தமில்லாமல், சொட்டுச் சொட்டாக ஊற்றினால்தான் பிழைத்தது. மருந்தை அதிராமல் கையாண்டு பழகிய கைக்கு அது தானாகவே வந்திருக்கிறது. எனக்கு அது பிடிபட மாதக்கணக்கானது.

தட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. "அவுக மகளோட திருப்பூர் பக்கம் போயிட்டாகளே. நீங்க வேண்டியவுகளா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போதும் மாணவிகளிடம் "ஓரத்தோட மெதுவா" என்றுதான் சொல்கிறேன். ஒருமுறையாவது அவர் இந்தத் தட்டைப் பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது. தட்டின் அடியில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடம் அக்கா, அக்கா என்று வேலை வாங்கிய நான், அந்தப் பெயரை வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.