பப்பாளி குடித்த தண்ணீர்

எங்கள் மாமா திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் தங்கி, மனிதனுக்கு ஏன் நோய் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வந்தார். இயற்கை மருத்துவ முகாம் என்று அதற்குப் பேர். போகும்போது ஒரு துணிப்பையும் வயிறு நிறைய வாயுவுமாகப் போனவர், வாயுவை அங்கேயே விட்டுவிட்டு, பையில் ஓர் எனிமா டப்பாவோடு வந்து இறங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. திண்டிவனத்தில் ஒரு ரைஸ்மில்லில் வேலை பார்த்தார். மெஸ் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிட்டதென்று, ஒலக்கூர் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்து தங்கி, சைக்கிளில் மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு மெட்ராஸில் கட்டட வேலை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியும். ஆக, வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர். அதில் மற்ற இரண்டு பேரையும் திருத்தும் பொறுப்பை மாமா தானாகவே எடுத்துக்கொண்டார்.

முதலில் டீயை நிறுத்தினார். அந்த இடத்துக்குக் கேப்பைக் கூழ் வந்தது. சர்க்கரை விஷம், மைதா விஷம், தீட்டிய வெள்ளை அரிசி மெதுவாகக் கொல்லும் விஷம் என்றார்.

“ரைஸ்மில்லுல வேல செஞ்சிக்கினே அரிசிய விஷம்ன்றியே, மொதலாளி காதுல வுழுந்தா இன்னாடா ஆவறது?” என்று அம்மா கேட்டாள்.

மாமா அசரவில்லை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோடையில் தெருவில் பாதிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னதில் முக்கால்வாசி நல்லதுதான்.

எனிமா டப்பாவால்தான் ரகளை வந்தது. ரப்பர் குழாய் தொங்க அதை அவர் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். பக்கத்து ஆணியில் இயேசுவின் திருஇருதயப் படம். சாயங்கால ஜெபத்துக்கு முட்டி போட்ட அம்மா, கும்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்துவிட்டு அலறினாள்.

“ஐய, கருமம்! ஆண்டவரு பக்கத்துல மாட்டற பொருளாடா இது?”

“ஒடம்பு சுத்தமா இருந்தாத்தாங்க்கா ஆத்துமா சுத்தமா இருக்கும்” என்றார் மாமா. ஆத்துமாவோ என்னவோ, டப்பா அன்றைக்கே விறகு அடுக்கும் மூலைக்குப் போய்விட்டது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெரியது தண்ணீர். எழுந்ததும் பல் விளக்கும் முன்பே ஒரு சொம்பு; வேலைக்கு நடுவே ஒரு சொம்பு; பொழுது சாய்ந்து ஒரு சொம்பு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கிறவன் முட்டாள் என்பது அவர் கட்சி. எனக்கு இது ஒரு விளையாட்டாகப் போயிற்று. நானும் மாமாவும் எதிரெதிரே நின்று, மூச்சு விடாமல் யார் முதலில் சொம்பைக் கவிழ்ப்பது என்று போட்டி போடுவோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அப்புறம் நாள் பூராவும் ஓட்டம்தான். வேலியோரம், குப்பைமேடு, கோயில் மதில் பின்னால் என்று, நினைத்த இடத்தில் உட்கார்ந்து எழுந்துவிடும் வயது அது.

அம்மாவுக்கு மாமா கையாலேயே சொம்பை நிரப்பிக் கொடுப்பார். மில்லுக்குக் கிளம்பும்போது, பகலுக்கென்று இன்னொரு சொம்பை மூடி வைத்துவிட்டுப் போவார். அம்மா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போவாள். போன வேகத்தில் முந்தானையால் வாயைத் துடைத்தபடி திரும்புவாள். மாமாவுக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் நான் பின்னாலேயே போனேன். அம்மா சொம்பைச் சாய்த்து, பப்பாளி மரத்தடியில் மொத்தத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசியாக விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டாள். திரும்பினால் நான் நிற்கிறேன்.

“மாமாகிட்ட சொல்லிக்கினு இருக்காத. பாவம், ஆசையா குடுக்கறான்.”

“உனுக்கு தண்ணி புடிக்காதாம்மா?”

“ம், புடிக்காது” என்றாள். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்காது. அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் ஊர்க்கோடியில் இருந்த சவுக்குத்தோப்பை வெட்டினார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த தோப்பு, ஒரே வாரத்தில் லாரியில் ஏறிப் போய்விட்டது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். திடீரென்று அவ்வளவு பெரிய மைதானம் கிடைத்தால் பிள்ளைகள் விடுவோமா? கிட்டிப்புள் அடித்தால் எங்கே போய் விழுகிறதென்று கண்ணுக்குத் தெரிந்தது. ரோட்டில் போகும் பஸ்ஸுக்கு டாட்டா காட்டலாம், பஸ்ஸில் இருப்பவர்களும் நம்மைப் பார்த்துத் திருப்பிக் காட்டுவார்கள். தண்ணீர்ப் பைப்படியில் பெண்கள் மட்டும், “இப்டி வெட்டவெளியாப் பண்ணிட்டானுங்களே” என்று தலையில் கை வைத்தார்கள். மரங்களுக்காக அவ்வளவு வருத்தப்படுகிறார்களே, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரே காய்ந்து கிடந்தபோது எங்கள் பப்பாளி மட்டும் கழுத்து வரை காய்த்துத் தொங்கியது. மலச்சிக்கலுக்கு நல்லதென்று மாமா தினம் ஒரு பழத்தை அறுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். “பாத்தியாக்கா, ஏனம் கழுவற தண்ணிக்கே இது இப்டிக் காய்க்குதுன்னா, நல்ல தண்ணி குடிக்கிற மனுஷன் எப்டி இருப்பான்!” என்பார். அம்மா குனிந்த தலை நிமிராமல் கூழைக் கரைத்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் வேலைக்குப் போன அம்மா ஒரு மத்தியானம் பாதியில் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். அடிவயிற்றில் கையை அழுத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நீர்க்கடுப்பு, போகும்போதெல்லாம் நெருப்பாக எரிகிறதென்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் முனகினாள். மாமாவிடம் சூடு பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

சூடு என்ற சொல் மாமாவுக்குப் போதும். அடிவயிற்றில் ஈரத்துணிப் பட்டி போட்டார். சோற்றை நிறுத்தினார். பார்லியைக் கொதிக்கவைத்து வடிகட்டினார். தண்ணீரை இரண்டு மடங்காக்கினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய், அதையும் பப்பாளிக்கே கொடுத்தாள். இரண்டு நாளில் குளிர்காய்ச்சல் வந்தது. இருந்த போர்வை, புடவை எல்லாவற்றையும் மேலே போட்டும் பல் தந்தியடித்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. அம்மா செத்துப்போய்விடுவாள் என்று நினைத்தேன். திருஇருதயப் படத்தின் முன் முட்டி போட்டு, இனிமேல் கத்தரிக்காய் சாப்பிடுகிறேன் என்று ஆண்டவரிடம் பேரம் பேசினேன்.

மாமாவும் பயந்துவிட்டார். மருந்தே விஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், விடிந்ததும் “ஜல்தி கெளம்புக்கா, டாக்டராண்ட போயிடலாம்” என்றார். அந்த அவசரத்திலும் அவருடைய காலைத் தண்ணீரைக் குடிக்க அவர் மறக்கவில்லை.

பஸ் திண்டிவனம் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வருகிற வழியாக இல்லை. மாமா உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார், காலை மாற்றிப் போட்டார், கடைசியில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் இறங்கியதைப் பார்த்து இன்னும் நாலைந்து ஆம்பிளைகள் இறங்கினார்கள். பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிப் பனைமரத்தோரம் வரிசையாக நின்றுவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பீடி பற்றவைத்தபடி நிதானமாக வந்தார்கள். அம்மா முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

“எம்மா, உனுக்கும் வந்தா நீயும் எறங்கிப் போய்ட்டு வாயேன்” என்றேன், பஸ் பூராவும் கேட்கும்படி. தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அந்தக் காய்ச்சலிலும் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் நன்றாகக் குடிப்பதுண்டா என்று கேட்டார். மாமா இதற்குத்தான் காத்திருந்தவர் போல முந்திக்கொண்டார்.

“தண்ணி விஷயத்துல எங்க வூட்ல கொறையே கெடையாது டாக்டர். நானே சொம்புல ஊத்திக் குடுக்கிறேன்.”

“பொய்!” என்றேன் நான். அம்மாவின் கை என் தொடையைத் தேடியது. நான் நகர்ந்து நின்றுகொண்டேன். “அம்மா குடிக்கவே குடிக்காது. எல்லாத்தையும் பப்பாளிக்கு ஊத்திடும். அம்மாவுக்குத் தண்ணியே புடிக்காது.”

மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. டாக்டரம்மா அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். என்னைச் சின்னப் பிள்ளை என்று விட்டுவிட்டார்.

“வீட்ல கக்கூஸ் இருக்காம்மா?”

“இல்லீங்க.”

“அப்ப எங்க போவீங்க?”

“முன்ன சவுக்குத்தோப்பு இருந்திச்சிங்க. இப்ப விடியறதுக்கு முன்ன ஒரு தபா, இருட்டனப்புறம் ஒரு தபா.”

“அதுக்காகத் தண்ணி குடிக்காமலே கெடப்பியா? கிட்னி கெட்டுப்போனா இன்னா பண்ணுவ? இந்தப் பொண்ண யாரு பாப்பாங்க?”

“குடிச்சிட்டு பகல்ல எங்கங்க போறது?” என்றாள் அம்மா.

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் எதற்குக் கக்கூஸுக்குத் தாவினார், அதில் வெட்டிப்போன தோப்பு ஏன் வந்தது? பெரியவர்கள் ஒரு பேச்சை உருப்படியாக முடிக்கவே மாட்டார்கள்.

ஊசி போட்டு முடிந்ததும் மாமாவை உள்ளே கூப்பிட்டார். “ஏம்பா, அக்காவ தண்ணி குடின்னு மட்டும் சொன்னா போதுமா? குடிச்சது போறதுக்கு ஒரு எடம் கட்டிக் குடு மொதல்ல” என்றார். மாமா தலையை ஆட்டினார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அன்றைக்குத் தலையாட்டியவர் பணத்துக்கு எங்கெங்கோ அலைந்து, பின்பக்கம் நாலு சுவரும் ஒரு தகரக் கதவும் நிறுத்த வருஷங்கள் ஆகின என்பது வேறு விஷயம்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு மாமா மெதுவாக, “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா” என்றார்.

“இன்னான்னுடா சொல்றது?” என்றாள் அம்மா. கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும், தம்பியிடம் வாய் திறந்து சொல்லக்கூடிய சமாச்சாரமா அது.

பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடம் இருந்தது. மாமா காசைக் கொடுத்துவிட்டு, அம்மாவின் பையைக் கையில் வாங்கிக்கொண்டு, பெண்கள் பக்கத்து வாசலுக்கு எட்டவே வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். அம்மா வந்ததும் ஐஸ் போடாமல் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதை ஒரே மூச்சில் குடித்தாள். மாமா இன்னொன்று வாங்கினார். அதையும் குடித்தாள். அப்புறம் கடைக்காரரின் பானையிலிருந்து தண்ணீர் கேட்டு வாங்கி, தொண்டை ஏறி இறங்க, தாடையில் வழிய வழியக் குடித்தாள். கொதிக்கவைத்ததா, வடிகட்டியதா என்று மாமா கேட்கவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்காது என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்திருந்த எனக்குத்தான் மானம் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கி நெற்றி வேர்த்திருந்தது. செத்துப்போக மாட்டாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா வேறு முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்று சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“எம்மா, நான் பெரியவளானாலும் மாமா மாதிரி நாளு முழுக்கத் தண்ணி குடிச்சிக்கினேதான் இருப்பேன். உன்ன மாதிரி ஒளிஞ்சிக்கினு கீழ ஊத்த மாட்டேன், பாத்துக்கோ.”

அம்மா என் தலையை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒரு பிரசங்கமே வைத்திருக்கும் மாமா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. ஊர் வந்து இறங்கும்வரை நான் அவர்களோடு பேசவில்லை.