வால்வில் தொங்கிய எடைக்கல்

பாவாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என் வாயில் வராது. அவள் நல்லவள் இல்லை. வஞ்சம் வைத்துக் காத்திருந்தவள். ஆனால் அவள் செய்தது தப்பு என்று எவளாவது என் முன்னால் பேசட்டும், அவளைச் சும்மா விடமாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சேந்தமங்கலத்துப் பக்கம் தண்டாயுதபாணி முதலாளியின் கடலை மில்லில் நான் பருப்புப் புடைத்தேன். பாவாயியின் புருஷன் காளியப்பன் அங்கே நீராவி எஞ்சினுக்குத் தீப்போடுகிறவன். அந்த எஞ்சினுக்குத் தீ எரிவது வெளியே, அடுப்பில். கடலைத் தோலை அள்ளிப் போட்டால் மேலே கொதிகலனில் தண்ணீர் கொதிக்கும். ஆவி குழாய் வழியாகப் போய் உருளைக்குள் இருக்கும் தண்டை முன்னும் பின்னும் தள்ளும், சக்கரம் சுற்றும். ஆவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ள ஒரு வால்வு உண்டு. அதை அமுக்கிப் பிடிக்க ஒரு கம்பியில் குண்டு தொங்கும்.

அறுவடைக் காலத்தில் வேகம் போதவில்லை என்று முதலாளி அந்தக் கம்பியில் தராசின் எடைக்கல் ஒன்றையும் சேர்த்து மாட்டினார். வால்வு திறக்கவில்லை. குழாய் வெடித்துக் காளியப்பன் வெந்து போனான். நாங்கள் ஓடி வருவதற்குள் கல் தராசுக்குத் திரும்பிவிட்டது. உயிர் போகும் முன் அவன் பாவாயியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவள் ஊரைக் கூட்டினாள். முதலாளி மாரியம்மன் கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, "நான் கல்லு மாட்டவே இல்லீங்க. அவன் குடிச்சுப்போட்டுத் தண்ணியக் கவனிக்காம உட்டுட்டான்" என்று சத்தியம் செய்தார். கற்பூரம் அடித்த பிறகு எங்கள் ஊரில் மறுபேச்சுக் கிடையாது. கள்ளைக் கையால் தொடாத மனுஷன் குடிகாரனாகிப் போனான்.

பாவாயி அதே அடுப்புக்குத் தீப்போட வேலை கேட்டு வந்தாள். ஊர் மெச்சட்டும் என்று முதலாளியும் கொடுத்தார்.

"உனக்கு வெக்கமா இல்லியாடி?" என்று கேட்டேன்.

"அந்தாளு மறுக்கா மாட்டுவானக்கா. அதுக்குத்தான் காத்துக் கெடக்கறேன்."

மாட்டினார். அடுத்த அறுவடையில், லாரி வாசலில் காத்து நிற்க, அவரே வந்து கல்லைத் தொங்கவிட்டார். பொம்பளைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. பாவாயி அடுப்பு நிறையத் தோலைத் திணித்தாள். தீ தள்ளும் இரும்புக்கோலைப் பழுக்கப் பழுக்க உருவிக்கொண்டு, எஞ்சின் கொட்டகையை விட்டு வெளியேறும் ஒரே வழியையும் மறித்து நின்று எங்களைக் கூப்பிட்டாள். கொட்டகையின் மூங்கில் தட்டிக்கு வெளியே கூடினோம். ஆவி காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. குழாய்கள் அதிர்ந்தன. முதலாளி கல்லை எடுக்கக் கை நீட்டினார். கோல் அவர் கைக்கு நேராக வந்தது.

"நீங்கதான் கல்லு மாட்டவே இல்லீங்களே மொதலாளி. அப்பறம் எதை எடுக்கறீங்க? மாட்டுனது ஆருன்னு சொல்லிப்போட்டு எடுங்க."

அவருக்கு வேட்டி நனைந்துவிட்டது.

"நாந்தான் மாட்டுனேன். அன்னிக்கும் நாந்தான். அவன் குடிக்கவே இல்ல. என்னை உட்ரு சாமி."

அவள் கோலைத் தாழ்த்தினாள். அவர் கல்லைப் பிடுங்கினார். ஆவி கூரை வரைக்கும் சீறியது.

பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு அதன் பிறகு ஒருவரும் கடலை கொடுக்கவில்லை. நாங்கள் அவர் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மில்லை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனார். எனக்கு மனசு குளிர்ந்தது, மறைப்பானேன்.

"இப்பவாச்சும் மனசு ஆறுச்சா?" என்று பாவாயியைக் கேட்டேன்.

"எங்கக்கா ஆறும்? அவன் வாயத் தொறந்ததும் கோலத் தாழ்த்திப்போட்டனே. இன்னுஞ் செத்த நேரம் புடிச்சிருக்கோணும்."