மூன்று மாலை, என் கேபின் வாசலில்

அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் கிளீனிங் சூப்பர்வைசராக இருந்தபோது என் வாசலில் மூன்று நாள் பாட்டு நடந்தது. என்னைப் பற்றித்தான். புகழ்ந்து அல்ல.

ஆரம்பம் ஒரு லீவ் பாரம். எங்களிடம் இருந்த நைஜீரியப் பெண்களில் ஒருத்தி, மால் கழிப்பறைகளைப் பார்ப்பவள், காலையில் வந்து அப்பா இறந்துவிட்டார் என்றாள். எப்போது என்று கேட்டேன். முந்தாநாள் என்றாள். எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் காலையில் உயிர் போனால் பொழுது சாய்வதற்குள் காட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில்தான் அழவேண்டும். நானே அப்படி அழுதவன். அந்தக் கணக்கில், எல்லாம் முடிந்திருக்குமே அம்மா, இனிப் போய் என்ன ஆகப்போகிறது என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றாள். வீட்டார் காத்திருப்பதாக எடுத்துக்கொண்டேன். பாரத்தில் எமர்ஜென்சி என்று எழுதாமல் சாதாரண லீவ் என்று எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன். வரிசையில் அவளுக்கு முன்னால் நான்கு பேர். அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, டூட்டி முடிந்து வந்தால் என் கேபினைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு நைஜீரியப் பெண்கள் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் கைதட்டிப் பாடினார்கள். யாரும் வேலையை நிறுத்தவில்லை, கத்தவில்லை. நான் உள்ளே போனதும் பாட்டு என் பக்கம் திரும்பியது, என் தொப்பையையும் நாற்காலியையும் கையால் காட்டிக் காட்டிப் பாடினார்கள். ஸ்டோர் கீப்பர், கீழக்கரைக்காரர், எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன தம்பி, உங்க வாசல்ல கச்சேரி. தொப்பைக்கு ஒரு பாட்டு, நாற்காலிக்கு ஒரு பாட்டுன்னு போவுது. மாப்பிள்ளை ஊர்வலத்துல கூட இம்புட்டுப் பாட மாட்டாங்க.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எனக்குப் புரியட்டும் என்றே ஒரு வரியை இங்கிலீஷில் பாடினார்கள்: அப்பா ஐஸில் படுத்திருக்கிறார், ஓகா டீ குடிக்கிறார். ஓகா என்றால் அவர்கள் பேச்சில் முதலாளி. கையில் இருந்த டீயை வைத்துவிட்டேன். லீவ் கேட்ட பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வழக்கத்தில் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை மார்ச்சுவரியில் வைத்திருப்பார்கள். அவள் மூத்த மகள். அவள் வராமல் அடக்கம் இல்லை. அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள், அதற்கு மேல் தள்ள முடியாதாம்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். “மூணு வாரம் கழிச்சு எமர்ஜென்சியா? நீதானே சாதாரண லீவ்னு எழுதின” என்று பாரத்தை என் பக்கமே தள்ளினார். மாற்ற வேண்டுமானால் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கவேண்டும், அது என் பைலில் வார்னிங்காக ஏறும் என்றார். வார்னிங் இருந்தால் அந்த வருஷம் என் பதவி உயர்வு கலாஸ். வேறு வழி ஏதாவது இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன். இருக்கவில்லை.

அன்று மாலையும் பாட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. சைன் போடுவது நான் இல்லை, மேனேஜர் வில்லாவுக்கு முன்னால் போய்ப் பாடுங்கள் என்று கத்தினேன். அவர்களில் மூத்தவள், புட்கோர்ட் ஷிப்டின் பொறுப்பாளி, எழுந்து வந்தாள். கோபமே இல்லை. சந்தையில் விலை பேசுகிற குரல்.

அவள் பாட்டி காலத்தில் வெள்ளைக்காரன் அவர்கள் ஊரில் நேராக வந்து ஆளவில்லையாம். உள்ளூர்க்காரன் ஒருவனைப் பிடித்துத் தலையில் ஒரு தொப்பியை வைத்து, நீதான் இனித் தலைவன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆண்களை எண்ணி வரி போட்டார்கள். பிறகு, வீட்டில் எத்தனை பெண்கள், எத்தனை ஆடுகள் என்று எண்ண ஆள் வந்தது. எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி, உன் அம்மாவை யார் எண்ணினார்கள் என்று கேட்டு விரட்டினாள். சேதி பனை ஓலையோடு ஊர் ஊராகப் போனது. ஆயிரக்கணக்கில் வந்த பெண்கள் தொப்பிக்காரன் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து இரவு பகலாகப் பாடினார்கள், தொப்பியைக் கழற்று என்று. கடைசியில் சிப்பாய்கள் சுட்டார்கள். நிறையப் பெண்கள் செத்தார்கள். ஆனாலும் தொப்பிகள் இறங்கின என்றாள்.

“அப்பவும் அவன், வெள்ளைக்காரன்கிட்ட போங்கன்னுதான் சொன்னான். வெள்ளைக்காரனை நாங்க எங்கே பார்த்தோம்? எங்க வாசலுக்கு வந்தவன் எங்க ஆளு. அதனால அவன் வாசலுக்குப் போனோம்.”

என் தலையில் கம்பெனி தொப்பி இருந்தது. அவள் அதைக் கழற்றச் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் என்ன வெள்ளைக்காரன் வைத்த ஆளா, நானும் விசா கொடுத்த கஃபீலிடம் கையேந்துகிறவன்தானே என்று பொருமினேன். பொருமியதை யாரிடம் சொல்ல? ஸ்டோர் கீப்பரிடம் சொன்னேன். “அவங்க சொல்றதுல என்ன தம்பி தப்பு? கூடையத் தூக்குறவனும் கூலியாளுதான், அந்தக் கூடை மேல ஏறி நிக்கிறவனும் கூலியாளுதான். நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க, அதச் சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு அவரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

மூன்றாவது மாலை பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, தவறு என்னுடையது என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போது ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேலா, மேனேஜர் மேலா, என் மேலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் கொடுத்தேன். மேனேஜர் பத்து நாள் லீவ் என்று இரண்டே நிமிஷத்தில் சைன் போட்டார். அவள் வியாழக்கிழமை விமானம் ஏறினாள். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தும்விட்டாள்.

கேட்டில் பஸ்ஸுக்கு நின்ற மூத்தவளிடம் போய், தவறு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்துத்தான் லீவ் கிடைத்தது என்று சொன்னேன், ஒரு நன்றியாவது வரும் என்று. அவள் தலையசைத்தாள்.

“அப்படின்னா இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம், இல்லையா ஓகா?”

எனக்கு அப்போது உங்கள் வழக்கம் தெரியாது என்று ஆரம்பித்தேன். தெரிந்த பிறகும் இரண்டு நாள் ஏன் போனது என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அதற்குள் டூட்டி பஸ் வந்து, அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.